பின்சீட்டில் இரண்டு தட்டு

அபுதாஹிருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. காரைக்குடியில் அவன் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பில், பெட்ரோல் டின்னை மோந்து பார்க்காமல் வாங்க மாட்டான். வண்டியில் இன்ன கோளாறு என்று சொந்தக்காரர் சொன்னால், அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் முதலில் சோதிப்பான். அப்படிப்பட்டவன், 1971 ஆவணியில் கானாடுகாத்தானிலிருந்து ஆள் வந்து, சேவுகன் செட்டியார் வீட்டுப் பழைய பிளசர் காரைப் பார்க்க வேண்டுமாம் என்றதும், என்ன ஏது என்று கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அவன் மனைவி அமீனாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

காரணம் அவனுக்குத் தெரியும். அந்தக் காரை ஓட்டியவர் அவன் அத்தா நாகூர் கனி.

1938-இல் செட்டியாரின் முதல் மனைவி கல்யாணசுந்தரி ஆச்சிக்கு வாந்திபேதி கண்டது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் அந்தக் காரிலேயே உயிர் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால், ஆச்சியின் விரலில் இருந்த வைர மோதிரத்தைக் காணோம். டிரைவர்தான் எடுத்திருப்பான் என்று செட்டியார் சொன்னார். போலீசுக்குப் போகவில்லை, கேஸ் இல்லை. ஆனால் அவர் வாயால் சொன்னது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு நாகூர் கனியை நம்பி யாரும் ஒரு வண்டியைக் கொடுக்கவில்லை. மண்டியில் மூட்டை தூக்கி, 1959-இல் செத்துப்போனார். பள்ளிக்கூடத்தில் அபுதாஹிருக்குப் பெயரே 'மோதிரக் கனி மகன்' என்பதுதான்.

இதில் வெளியே சொல்ல முடியாத ஒன்று உண்டு. சந்தேகம் அவனுக்கும் இருந்தது. வீட்டுக் கதவை யாராவது இரண்டு தரம் தட்டினால் அத்தாவின் முகம் வெளிறிப்போகும். குற்றமுள்ள நெஞ்சு என்று சின்ன வயதிலேயே அவன் நினைத்துவிட்டான். அந்த நினைப்பைப் பிறகு எடுத்தெறிய அவனால் முடியவில்லை.

வீட்டின் பின்கட்டைத் தாண்டி, பின்தெருவைப் பார்த்தபடி இருந்தது மோட்டார் கொட்டகை. செட்டியாரின் இரண்டாம் தாரத்து மகன் உடையப்பன் மெட்ராசிலிருந்து வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். ஆச்சி இறந்த அன்று, அப்பச்சி என்று அவன் சொன்ன தகப்பனார் இந்தக் கொட்டகையைப் பூட்டியவர், போன மாசியில் கண்மூடுகிற வரைக்கும் சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்க்கவே இல்லை என்று சொன்னான்.

"ஒரு திருகாணிகூட மாத்தக் கூடாது பாய். அன்னைக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே ஓடணும்."

அபுதாஹிருக்கு வேண்டியதும் அதுவே. யாரும் தொடாத வண்டி என்றால் மோதிரம் அதற்குள் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை என்றால் அத்தா திருடர்தான். தான் யார் மகன் என்பதை அவன் சொல்லவில்லை.

முதலில் பூட்டைப் பார்த்தான். சாவித் துவாரத்தைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. இரண்டு கதவும் சேருகிற இடத்திலும் மண்கூடு, அடுக்கடுக்காக, கல்லாக இறுகிப்போய் இருந்தது. திருப்புளியால் சுரண்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. பல வருஷத்துக் கூடு. யாரும் திறக்கவில்லை என்று மனம் கொஞ்சம் சமாதானமானது.

கதவு திறந்தது.

காரின்மேல் தூசி இல்லை.

கொட்டகைச் சுவரெல்லாம் ஒட்டடை தொங்கியது. தரையில் வௌவால் எச்சம். நடுவில் கருஞ்சிவப்பு நிறத்தில் அந்த நீளமான வண்டி, சற்று முன் துடைத்து நிறுத்தியது போல் நின்றது. மட்கார்டில் அவன் முகம் தெரிந்தது. எலி நாற்றம் இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்த தோல் வாசமும், கூடவே ஈரமண் வாசமும் வந்தன. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். காற்று கிண்ணென்று இருந்தது.

அந்தக் காலத்துச் சரக்கு என்று உடையப்பன் பூரித்துப்போனான். அபுதாஹிருக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்து மூன்று வருஷம் டயரில் காற்று நிற்கும் என்று டயர் செய்தவனே சொல்ல மாட்டான்.

ஸ்டீயரிங்கில் துடைக்கிற துணி ஒன்று தொங்கியது. நாலாக மடித்து, முனைகளை உள்ளே செருகி, இடப்பக்கம் போட்டிருந்தது. அத்தா மண்டியிலிருந்து வந்ததும் துண்டை அப்படித்தான் மடித்துப் போடுவார்.

சந்தேகம் நேராகக் கருத்தையாவின்மேல் போய் விழுந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற கிழவர். அந்தக் காலத்தில் இதே காருக்குக் கிளீனராக இருந்தவர். அத்தாவின் மடிப்பு அவருக்குத் தெரிந்திருக்கும். உள்ளே வர வேறு வழி வைத்திருக்கிறார், மோதிரத்தையும் எப்போதோ எடுத்திருப்பார் என்று அபுதாஹிர் முடிவு கட்டினான். ஓடு, சுவர், தளக்கல், ஜன்னல் கம்பி என்று ஒவ்வொன்றாகத் தட்டியும் ஆட்டியும் பார்த்தான். ஒரு பூனை நுழைய வழியில்லை.

கருத்தையா வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

"தம்பி, ஒங்க மொகம் எங்குட்டோ பாத்த மொகமா இருக்கே."

காரைக்குடியில் எல்லாரும் பார்க்கிற முகம்தான் என்று சொல்லி அவன் பேச்சை மாற்றினான். நீங்கள்தான் உள்ளே வந்து துடைக்கிறீர்களா என்று கேட்டான். கிழவர் நிலைப்படியைக் காட்டினார். இதற்குள் கால் வைத்து முப்பத்து மூன்று வருஷமாயிற்று, இனியும் வைக்கப்போவதில்லை என்றார்.

மைல் மீட்டரில் 18,406 என்று இருந்தது. அதை நோட்டில் குறித்துக்கொண்டான். சாயங்காலம் பூட்டியபின், கதவுச் சேர்க்கையில் மேலிருந்து கீழாக நாலு இடத்தில் காகிதம் ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போட்டான். இருந்த ஒரே சாவியையும் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனான்.

மறுநாள் காலையில் நாலு காகிதமும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. திறந்தான். மீட்டரில் அதே எண். துணி அதே இடத்தில் அதே மடிப்பில் தொங்கியது.

தொட்டுப் பார்த்தான்.

ஈரம்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவன் வேலையில் இறங்கினான். பயத்துக்கு அவன் அறிந்த மருந்து அது ஒன்றுதான். கார்பரேட்டரைக் கழுவினான். புது பாட்டரியை வெளியே ஃபுட்போர்டில் வைத்துக் கட்டி வயர் கொடுத்தான். ஆயில் மாற்றினான். மத்தியானம் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே இருந்த கண்ணாடித் தடுப்பைத் துடைக்கப் போனபோது கை நின்றது. பின்சீட்டுப் பக்கம், உட்கார்ந்திருப்பவரின் கை எட்டுகிற உயரத்தில், சின்னச் சின்னக் கீறல்கள். ஜோடி ஜோடியாக இருந்தன. மேலே தொடங்கி, வரவரக் கீழே இறங்கி, சீட்டில் படுத்துக்கொண்டு கையை நீட்டினால் மட்டுமே எட்டுகிற இடம் வரைக்கும் போயிருந்தன.

அவனுடைய சின்ன வயதில் அத்தா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அந்த வீட்டு ஆச்சிமார் டிரைவரோடு பேச மாட்டார்கள். மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் போகலாம். இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

கண்ணாடி இறங்குகிற பள்ளத்தில் விளக்கடித்துப் பார்த்தான். ஒரு மினுக்கு. வளைந்த கம்பியை விட்டு எடுத்தான். மோதிரம் அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அத்தா திருடர் இல்லை. முதலில் அழுகை வந்தது. வெகு நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு அந்தக் கீறல்களை மறுபடி பார்த்தான். அழுகை நின்றுவிட்டது.

உடையப்பனையும் கருத்தையாவையும் வாசலில் நிறுத்தி மோதிரத்தைக் காட்டினான். தான் நாகூர் கனி மகன் என்பதையும் சொன்னான். உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு, அப்பச்சி சொன்னது பெரிய பாவம் என்றான். கருத்தையா மட்டும் மோதிரத்தைப் பார்க்கவில்லை.

"வாந்திபேதி கண்டா வெரலு சூம்பிப் போகும் தம்பி. கழண்டு விழுந்திருக்கும். ஒங்கத்தா எடுக்கலேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

பிறகு அவராகவே சொன்னார். தொத்து நோய் என்று ஆச்சியைப் பின்னால் தனியாகக் கிடத்திக் கண்ணாடியைச் சாத்தினார்கள். செட்டியார் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கருத்தையா தண்ணீர்க் கூஜாவோடு ஃபுட்போர்டில் நின்றார். குன்றக்குடிக்குக் கொஞ்சம் முன்னால், ஊருணி ஓரம் போகும்போது ஆச்சி இரண்டு தட்டுத் தட்டினாள். தண்ணீர் வேண்டும் என்று வாயைக் காட்டினாள். பேதிக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம். செட்டியார், நிறுத்தாதே, நான் சொல்லாமல் வண்டி நிற்கக் கூடாது என்றார்.

"ஒங்கத்தா அழுதுக்கிட்டேதான் ஓட்டுனாரு. நான் கூஜாவக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். திருப்பத்தூர் தாண்டுறதுக்குள்ள சத்தம் நின்னுபோச்சு."

அந்தக் கூஜா இன்னும் முன்சீட்டுக்கு அடியில் கிடந்தது.

மூன்றாம் நாள் காலை, ஹாண்டில் போட்டு மூன்றாவது சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. குன்றக்குடி வரை போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று உடையப்பன் பிரியப்பட்டான். பின்சீட்டில் உட்கார மனமில்லாமல் முன்னால் ஏறி, தன் அப்பச்சி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான். கருத்தையா வரவில்லை.

வண்டி வெண்ணெய் போல ஓடியது. காரைக்குடி தாண்டியது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. ரோட்டோரம் ஊருணிக் கரை தெரிந்தது.

டக், டக்.

"பாய், பின்னால என்னமோ சத்தம் கேக்குதே," என்றான் உடையப்பன்.

அபுதாஹிர் காலை எடுக்கப் பார்த்தான். எடுக்க வரவில்லை. ஆக்சிலேட்டரில் இருந்த அவன் பாதத்தின்மேல் இன்னொரு பாதம் அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடும் கனமும் மட்டும் தெரிந்தன. பிரேக் பெடல் கல்லாக நின்றது.

டக், டக். டக், டக்.

வண்டி வேகமெடுத்தது.

"அத்தா, நிப்பாட்டுங்க," என்றான் அபுதாஹிர். கால் அசையவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அத்தா மகன் சொல்லியா கேட்பார்? செட்டியார் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அல்லவா சொல்ல வேண்டும்?

"ஐயா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நிக்கும்."

உடையப்பன் உதடெல்லாம் வறண்டு கிடந்தது. இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினான்.

"கனி," என்றான் கடைசியில், மெதுவாக. "வண்டிய நிப்பாட்டு."

பாதத்தின்மேல் இருந்த கனம் விலகியது. வண்டி தானாகத் தணிந்து ஊருணிக் கரையில் நின்றது.

அபுதாஹிர் கூஜாவை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினான். நிறைய மொண்டு வந்து பின்கதவைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. கூஜாவைச் சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு கொஞ்ச நேரம் மூவர் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் ஒரே ஒரு தட்டு விழுந்தது.

கோயிலுக்குப் போகாமல் அங்கிருந்தே திரும்பினார்கள். கொட்டகைக்கு வந்து பார்த்தபோது கூஜா காலியாக இருந்தது, சீட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை.

வண்டியை இருந்தபடியே வைத்துக் காப்பாற்றுவது என்று உடையப்பன் சொல்லிவிட்டான். அபுதாஹிர் அதற்கு வேண்டியதெல்லாம் செய்தான். பெட்ரோலைச் சுத்தமாக வடித்தான். பாட்டரியை எடுத்தான். டயர்களைக் கழுவித் துடைத்து, தரையில் படாதபடி வண்டியைக் கட்டைகளின்மேல் ஏற்றினான். கூஜாவைக் கழுவிக் கவிழ்த்து முன்சீட்டுக்கு அடியில் வைத்தான். மீட்டரைப் பார்த்தான். ஊருணிக்குப் போக பன்னிரண்டு, வர பன்னிரண்டு. 18,430. கணக்குச் சரியாக இருந்தது. பூட்டினான். பழக்க தோஷம், நாலு காகிதமும் ஒட்டினான்.

நாலாம் நாள் காலை, விட்டுப்போன சாமான்களை எடுக்க வந்தான். காகிதங்களில் அவன் கையெழுத்து கலையாமல் இருந்தது. கிழித்துத் திறந்தான்.

வண்டி கட்டைகளின்மேல்தான் நின்றது. டயர்ப் பள்ளங்களில் ஈரக் களிமண் அப்பியிருந்தது.

பின்சீட்டில் கூஜா நிமிர்ந்து நின்றது. விளிம்பு வரை தண்ணீர். மேலே ஒரு பச்சைப் பாசியிலை மிதந்தது.

அவன் குனிந்து மீட்டரைப் பார்த்தான்.

18,454.

எல்லாவற்றையும் ஏன், எப்படி என்று கேட்கிற அபுதாஹிர் ஒன்றும் கேட்கவில்லை. அத்தாவுக்கு என்று மனதுக்குள் ஒரு ஸலாம் சொன்னான். கூஜாவைத் தொடாமல், பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். பூட்டைக் கையில் எடுத்தபோது, உள்ளே கண்ணாடியில் ஒரு தட்டுக் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். ஆளில்லாத டிரைவர் சீட் ஒரு ஆள் கனத்துக்கு அமுங்கியது. கிளச் பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது.