கெட்டித்த குழல்

கம்பி மணியடிக்கவில்லை.

வாசல் சோதனைக்கு நின்ற வாண்டா அதை உருவி மறுபடியும் துப்பாக்கிக் குழலுக்குள் விட்டாள். மருந்தை இடித்து இறக்கும் இரும்புக் கம்பி அது. வெறும் குழலென்றால் அடிவரை வழுக்கிப் போய் ‘டிங்’ என்று தெளிவாகச் சொல்லும். வாசலில் அந்த ஒலி கேட்டால்தான் எந்தத் துப்பாக்கியும் கண்காட்சிக் கூடத்துக்குள் போக முடியும். இப்போது ‘தொப்’ என்றது. ஈர மண்ணில் விழுந்ததுபோல. கம்பியின் தலை குழல் வாய்க்கு மேலே மூன்று விரல் உயரம் நீட்டிக்கொண்டு நின்றது.

“மருந்தும் குண்டும் கெட்டிச்சிருக்கு கண்ணு.”

“இருக்காது. நேத்து நானே விட்டுப் பார்த்தேன். காலி,” என்றான் எம்மெட்.

“அப்போ உங்க வீட்டு எலி கெட்டிச்சிருக்கும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாண்டா துப்பாக்கியின் விசைக்குதிரையில் சிவப்பு நாடாவைக் கட்டினாள். குரலைத் தாழ்த்தினாள். “பின்னாடி பெஞ்சுல போய் உருவிட்டு வா. உள்ள ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா மேசையையே மூடிடுவாங்க. டெஸ்ஸாவோட மேசைன்னுகூடப் பார்க்க மாட்டாங்க, தம்பி.”

பெயரைச் சொல்லிவிட்டு அவள் வேறெங்கோ பார்த்தாள். எம்மெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரியிலிருந்தே அவனுக்கு எதுவும் ஆவதில்லை.

போட்டிக்கான அந்தக் காட்சி மேசை எம்மெட்டின் மனைவி டெஸ்ஸாவுடையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவள் முன்னோர் ஒருவர் சுமந்த துப்பாக்கி. அவருடைய படைப்பிரிவின் பொத்தான்கள், தண்ணீர்க் குடுவை, தோட்டாப் பை. பென்சில்வேனியா முழுக்கச் சுற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அந்தப் போரை நடித்துக் காட்டும் வேடிக்கைகளில் படைவீரரின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, மருந்தும் குண்டும் சுருட்டிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஆண்களைவிட வேகமாகக் கெட்டித்துச் சுடுவாள். வாயெல்லாம் கரியாக, முன்பல் இடைவெளி தெரியச் சிரிப்பாள். பிப்ரவரியில் அவள் தலைக்குள் ஏதோ ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகப் பேசியதும் இந்த மேசையைப் பற்றித்தான். “தனியா விட்டுடாதே. நீ உட்காரு. நடுவருங்க பார்த்து முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்காதே.”

சரி என்றிருந்தான். அந்த ஒரு சொல்தான் அவனிடம் மிச்சம்.

பெஞ்சில் துப்பாக்கியை இறுக்கி வைத்து, கம்பியின் முனையில் திருகாணியை மாட்டி உள்ளே செலுத்தினான். ஈயத்தில் அது கடித்துக்கொண்டது. இழுத்தான். குண்டு வந்தது. பழைய ஈயம் சாம்பல் பூத்து வெளுத்திருக்கும். இது மீன் வயிறுபோல மின்னியது. பின்னாலேயே கரிமருந்து கொட்டியது. அதோடு சுருண்டு வந்த காகிதத்தை விரித்துப் பார்த்தான். ஓரம் கடித்துக் கிழிக்கப்பட்டிருந்தது. பல் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி.

காகிதம் ஈரமாக இருந்தது. எச்சில் ஈரம். இன்னும் சூடு ஆறவில்லை.

எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்டான். விரலைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். கம்பியை விட்டுப் பார்த்தபோது ‘டிங்’ என்றது. வாண்டா நாடாவை அவிழ்த்தாள்.

குழல் வாய் நடைபாதையைப் பார்க்கக்கூடாது என்பது அங்கே விதி. பார்க்க வருகிறவர்கள் பயப்படுவார்கள். அதனால் எல்லாத் துப்பாக்கிகளும் தத்தம் சொந்தக்காரனின் நாற்காலியைப் பார்த்தே படுத்திருக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எம்மெட் உட்கார்ந்தான். கறுத்த சிறு வட்டம் அவன் முகத்துக்கு நேராக இருந்தது.

“என்னடா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கே?” பக்கத்து மேசை ஹார்லன் ஒரு கிண்ணத்தை நீட்டினார். “சில்லி சாப்பிடு. கறியும் பீன்ஸும் காரமா போட்டு என் பொண்டாட்டி செஞ்சது. இதைத் தின்னு பிழைச்சவன் எதையும் தாங்குவான்.”

“பசிக்கல ஹார்லன்.”

“பசிக்காது. நீதான் எட்டு மாசமா பொணமாச்சே.” சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. தன் கத்திகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மதியம் கூட்டம் ஏறியது. ஆளி விதை எண்ணெய், பாப்கார்ன், நனைந்த கம்பளிக் கோட்டு, தரையில் இழுபடும் பூட்ஸ், ஒலிபெருக்கியின் கரகரப்பு என்று எல்லாம் கூரைக்குக் கீழே ஒன்றாகக் கலந்து ஒரே நெடியும் இரைச்சலுமாய்த் திரண்டு நின்றபோது, அந்த இரைச்சலுக்கு அடியில், மிக அருகில், காதுமடலைத் தொடும் தூரத்தில், யாரோ காகிதத்தைப் பல்லால் கிழிக்கும் ஓசையை அவன் கேட்டான்.

திரும்பினான். பின்னால் வெறும் சுவர்.

மறுபடியும் கிழிந்தது. பிறகு மணலை உதிர்ப்பதுபோல ஒரு சலசலப்பு.

துப்பாக்கியை யாரும் தொடவில்லை. அதன்பின் அவன் அதிலிருந்து கண்ணெடுக்கவே இல்லை. ஹார்லன் காப்பி வாங்கப் போன நேரத்தில் கம்பியை மெதுவாக உள்ளே விட்டான். பாதி வழியில் தடுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ குண்டுகள்.

இரண்டு வரிசைக்கு அப்பால் நடுவர்கள். தலைமை நடுவர் ஓடம், நெட்டையான கிழவர், ஒவ்வொரு குழலிலும் கம்பி விட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். டிங். டிங். நடுவர் வலம் தொடங்கிய பிறகு நாற்காலியை விட்டு எழுந்தால் மேசை போட்டியிலிருந்து போய்விடும். எழாமல் இருந்தால் ஓடம் கம்பியை விடுவார். அப்போதும் போய்விடும். அவள் சேர்த்த அத்தனையும், அவன் சொன்ன ஒரு சொல்லும்.

எழுந்து ஓடிவிடலாம் என்று முதன்முறையாகத் தோன்றியது. பயம். எட்டு மாதத்துக்குப் பிறகு. உயிரோடு இருக்க வேண்டும்போல இருந்தது.

எழவில்லை. சரி என்று சொல்லியிருந்தான்.

“டெஸ்ஸா மேசைதானே,” என்றார் ஓடம். தொப்பியைக் கழற்றினார். துப்பாக்கியை நிமிர்த்திக் கம்பியை விட்டார்.

டிங்.

கூடம் முழுக்கக் கேட்கும்படி, சுத்தமாக.

“மணி மாதிரி இருக்கேப்பா. தூசிகூட இல்ல.” பொத்தான்களைப் பார்த்தார். குடுவையைப் பார்த்தார். மற்ற நடுவர்களோடு தலையசைத்துக்கொண்டார். முதல் பரிசின் நீல ரிப்பனை மேசை விளிம்பில் குத்தினார். ஹார்லன் விசிலடித்தார். நாலாபக்கமும் கைதட்டினார்கள்.

எம்மெட் சிரிக்கப் பார்த்தான். நாக்கில் ஏதோ நறநறத்தது. உப்பும் கசப்பும். கரிமருந்து.

குழல் காலியென்றால் அதில் இருந்ததெல்லாம் எங்கே?

ஹார்லனைக் கூப்பிட வாயைத் திறந்தான். வாய் திறந்தது. மூடவில்லை.

தலை பின்னால் சாய்ந்தது. அவன் சாய்க்கவில்லை. மோவாயின் கீழ் இரண்டு குளிர்ந்த விரல்கள். நிமிர்த்தின. இன்னும் நிமிர்த்தின. தொண்டையும் மார்பும் ஒரே நேர்கோடாகும்வரை.

“அழறியாடா?” ஹார்லனின் கை அவன் தோளில் விழுந்தது. “அழு. எத்தனை நாள் ஆச்சு. நல்லா அழுதுடு.” பிறகு யாரிடமோ, “ஏய், கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. பாவம், இப்பதான் அழ வருது.”

கூட்டம் மரியாதையாக விலகியது. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

மேலே டியூப் விளக்குகள். அவற்றை மறைத்துக்கொண்டு, தலைகீழாக, ஒரு முகம். நீலக் காலர். கரி படிந்த உதடுகள். இடைவெளி விட்ட முன்பற்களுக்கிடையே கிழிந்த காகிதம்.

கருந்துகள்கள் நிதானமாக அவன் வாய்க்குள் கொட்டின. பிறகு கனமாக, குளிர்ச்சியாக, வழவழவென்று ஒன்று நாக்கைத் தாண்டி உள்ளே இறங்கியது.

அவள் கம்பியை எடுத்தாள்.