நாக்குச் சட்டம்

அனல்மின் நிலையத்தின் கழிவுநீரை இப்போதெல்லாம் யாரும் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதில்லை. பொறுப்பு அதிகாரியின் முகத்தைப் பார்த்தால் போதும். அவர் காதுக்குப் பின்னால் இருக்கும் நாவிணைப்பி, கடலுக்குள் போகும் குழாயில் எது ஓடினாலும் அதன் சுவையை அவர் வாய்க்குக் கொண்டுவந்துவிடும். பாதரசமோ, சாம்பல் குட்டைக் கசிவோ, எதுவும் தப்பாது. அந்தக் குழாயின் சாவியையும் நாக்குச் சட்டம் அவரிடமே கொடுத்திருந்தது; வேறு யார் கை பட்டாலும் அசையாது. தன் வாயில் தானே சாக்கடையை ஊற்றிக்கொள்ள எவனுக்குப் பைத்தியம் என்பது சட்டம் எழுதியவர்களின் நினைப்பு. நியாயமான நினைப்புதான். மூன்றே ஆண்டில் கரையெல்லாம் தெளிந்தது.

முத்தலைப்பாடு நிலையத்தில் மட்டும் சிக்கல். சுத்திகரிப்பு இயந்திரங்கள் பழசு. மாற்றுவதென்றால் நிலையத்தை எட்டு மாதம் மூட வேண்டும். மூடினால் தலைமைப் பொறியாளர் தில்லைநாயகியின் பதவி போய்விடும். பொறுப்பு அதிகாரி வேலைக்கு அவர் தேடிப் பிடித்த ஆள் இன்னாசிமுத்து. நாற்பத்தாறு வயது வேதியியலர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் சுவையைப் பறிகொடுத்தவர்.

“உப்பாச்சும் தெரியுமா?”

“உப்பு, புளி ஒண்ணும் தெரியாது மேடம். சாப்பாடு சும்மா வயித்துக்குப் போகுது.”

“நாளைக்கே சேந்துருங்க.”

நாவிணைப்பி நாக்கைத் தொடுவதே இல்லை, நேரே மூளையோடு பேசுகிறது என்பதை அம்மணி விசாரிக்கவில்லை. சுத்திகரிக்காத நீரை முதன்முதலாகத் திறந்தபோது இன்னாசிமுத்துவின் வாயில் துருவும் கசப்பும் வந்தன. அடியில் கொஞ்சம் உப்பு. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஏதாவது தெரியுதா?” என்றார் தில்லைநாயகி.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

அன்று முதல் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

ஐந்தாம் மாதம் கரையில் மீன் செத்து ஒதுங்கியது. தில்லைநாயகி ஆடிப்போய்விட்டார்.

“போதும், மூடிருங்க. நிலையத்தை நிறுத்திப் பழுது பாக்கலாம்.”

“சாப்பிடுற நேரம் ஒரு அரை மணி மட்டும் மேடம்,” என்று இன்னாசிமுத்து கெஞ்சினார். குழாய் திறந்தால்தான் தனக்குச் சுவை தெரிகிறது என்ற உண்மையையும் சொன்னார்.

சாவி அவர் கைக்குத்தான் அசையும்; தில்லைநாயகி என்ன செய்ய? மேலே புகார் செய்யலாம். ஆனால் சுவை தெரியாத ஆளை எதற்கு வேலைக்கு வைத்தீர்கள் என்று கேட்பார்கள்.

ஒரு மணிக்குக் குழாய் திறந்தது. இன்னாசிமுத்துவின் மனைவி பிலோமினா வழக்கம்போல் போன் செய்தார்.

“ஏங்க, குழம்பு எப்படி இருக்கு?”

ஒன்பது வருடமாக ‘நல்லாருக்கு’ என்று பொய் சொல்லி வந்தவருக்கு இன்று மறைக்க மனசு வரவில்லை.

“உப்பு கொஞ்சம் தூக்கல், பிலோ.”

மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாக வந்தது. “மாதாவே! தெரியுதா உங்களுக்கு? நம்ம கரைச் சாளை மீன்தாங்க. மத்தவங்க வாங்கப் பயப்படுறாங்க, கூடை கூடையாக் கெடக்கு. பிள்ளைங்களுக்கும் அதையேதான் கட்டிக் குடுத்துருக்கேன். உங்களுக்கு ருசி வந்துருச்சுல்ல, இனி தெனமும் இதான்!”

இன்னாசிமுத்து எழுந்து போய்ச் சாவியைத் திருப்பினார். வாயிலிருந்த மீன் மறுபடியும் வெறும் சக்கையானது.

“புளி எப்படி இருக்கு, சொல்லுங்க,” என்று பிலோமினா கேட்டுக்கொண்டிருந்தார்.