திரும்பி நின்ற நன்றி

தர்மினியின் வீட்டில் பகல் நேரத்தில் சண்டை போடுவதாக இருந்தால் கிசுகிசுத்துத்தான் போட வேண்டும். அப்பா சுகுமாறனுக்கு பாசிர் கூடாங் நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரவு ஷிஃப்ட் வந்துவிட்டால் பகலெல்லாம் தூங்குவார். அப்போது தொலைக்காட்சி ஊமைப் படம் காட்டும். அம்மா மலர் தேங்காயைக்கூட வாசலுக்கு வெளியே கொண்டுபோய்த்தான் உடைப்பார்.

அதனால் பத்து வயது தர்மினியும் அவளுடைய அண்ணன் லோகேஸ்வரனும் சத்தம் வராமல் சண்டை போடுவதில் கைதேர்ந்தவர்கள். கண்ணை உருட்டுவது, கையை ஆட்டுவது, உதட்டைப் பிதுக்குவது என்று எல்லாமே நடக்கும். அப்பாவின் குறட்டை மட்டும் நிற்காது.

ஆனால் அந்த வாரம் சண்டைக்கு நேரமே இல்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

போன தீபாவளிக்கு அப்பா வீட்டில் இல்லை. தொழிற்சாலையில் இயந்திரங்களை நிறுத்த முடியாது. பண்டிகையானாலும் யாராவது வேலைக்கு வந்தே ஆக வேண்டும். அப்பா வீடு திரும்பியபோது மத்தாப்பு தீர்ந்துபோயிருந்தது. புதுச்சட்டையைக்கூடப் போடாமல் அப்படியே சோபாவில் தூங்கிவிட்டார். தர்மினி அன்று யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதாள்.

இந்த வருடமும் தீபாவளியன்று அப்பாவுக்கு வேலை என்றுதான் அட்டவணை வந்தது. ஆனால் அஸ்மான் அங்கிள், "நீ வீட்டுல இரு. உன் ஷிஃப்ட்டை நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் அப்பாவோடு வேலை செய்பவர். நோன்புப் பெருநாள் அன்று அவருக்குப் பதிலாக அப்பா போவார். இந்த வருடத்திலிருந்து அவர்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

செய்தி கேட்டுத் தர்மினி துள்ளிக் குதித்தாள். அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே தலையைச் சொறிந்தார்.

"ஒரு விஷயம்தான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார் அம்மாவிடம். "தீபாவளி அன்னைக்கு அஸ்மானோட மகளுக்குப் பிறந்தநாளாம். ஆயின்னு பேரு, ஒன்பது வயசு. எனக்குத் தெரியாம போச்சு. தெரிஞ்சதும் வேணாம்னு சொன்னேன். கேக்கை மறுநாள் வெட்டினா கேக் ஓடியா போயிடும்னு சிரிக்கிறாரு."

தர்மினி குதிப்பதை நிறுத்தினாள். ஆயினை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் பிறந்தநாள் அன்று அப்பா இல்லாத ஒரு சோபா அவள் மனத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு தள்ளினாலும் போகவில்லை.

"நாம அவங்களுக்கு ஏதாவது செய்யணும்" என்றாள்.

"முறுக்கு குடுக்கறோமே லா" என்றான் லோகேஸ்.

"முறுக்கு பத்தாது."

அப்படித்தான் வாழ்த்து அட்டை செய்யும் வேலை தொடங்கியது. தீபாவளியன்று வேலைக்குப் போகிற எல்லாருக்கும் சேர்த்து ஏழு அட்டைகள். ஆயினுக்குத் தனியாக ஒன்று. அப்பா தீபாவளிக்கு முன்பு கடைசியாக வேலைக்குப் போகும் நாளில் கொடுத்தனுப்ப வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது அஸ்மான் அங்கிளை அப்பா பார்ப்பார். அதை விட்டால் வேறு வழியில்லை.

கடைசி நாளும் வந்தது. மதியம் மூன்று மணி. அம்மா அடுக்களையில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே குறட்டை. அவர் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். ஆறு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து முச்சந்திக்கு வந்துவிடும்.

கூடத்து மேசையில் எட்டு அட்டைகளும் மடித்துத் தயாராக இருந்தன. ஒவ்வோர் அட்டையின் முகப்பிலும் கீழே நடுவில் ஓர் அகல் விளக்கு. அதை லோகேஸ் சின்ன ரப்பரில் செதுக்கி, ஊதா மையில் ஒற்றி, முதல் நாளே முடித்துவிட்டான். விளக்கின் மேலே 'நன்றி' என்று முத்திரை குத்துகிற சாப் மட்டும்தான் பாக்கி.

அதற்காகவே ஒரு பெரிய ரப்பர் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். தர்மினியின் கையெழுத்து அழகு, அதனால் எழுதுவது அவள். கத்தியைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை, அதனால் செதுக்குவது அண்ணன்.

தர்மினிக்கு ஒன்று நன்றாக நினைவிருந்தது. ஓவிய வகுப்பில் அன்னலட்சுமி டீச்சர் சொல்லியிருந்தார்: ரப்பரில் எழுத்து திரும்பி இருந்தால்தான் தாளில் நேராக விழும். ஆகவே அவள் டிரேசிங் தாளில் பென்சிலால் 'நன்றி'யைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி எழுதினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று தடவை அழித்து அழித்து எழுதினாள்.

அண்ணனிடம் தாளைக் கொடுத்தபோது, "எண்ணெயைப் பாத்துக்க, கொஞ்சம் வா தர்மி" என்று அம்மா கூப்பிட்டார். அவள் போய்விட்டாள்.

லோகேஸுக்கும் ஒன்று தெரிந்திருந்தது. ஒரு காணொளியில் பார்த்தது. டிரேசிங் தாளை ரப்பர்மேல் குப்புற வைத்துத் தேய்த்தால், பென்சில் கோடு தானாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும். அவனும் பொறுப்பாகக் குப்புற வைத்து, பொறுப்பாகத் தேய்த்து, பொறுப்பாகச் செதுக்கினான்.

செதுக்கி முடித்துப் பார்த்தால் ரப்பரில் 'நன்றி' பளிச்சென்று படிக்க முடிந்தது. தங்கச்சி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் வருவதற்குள் முடித்து அசத்திவிடலாம் என்று மையைத் தொட்டான். எல்லைச் சாவடியில் கடப்பிதழ்களுக்குச் சாப் அடிக்கிற வேகம்தான். தப், தப், தப் என்று எட்டு அட்டையிலும் அடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

தர்மினி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்பாவின் குறட்டை கேட்டதும் மூடிக்கொண்டாள்.

எட்டு அட்டையிலும் 'நன்றி' முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. 'றி' முதலில் இருந்தது. 'ந' கடைசியில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணே செஞ்சு வச்சிருக்க?" என்று கிசுகிசுத்தாள்.

லோகேஸ் குனிந்து பார்த்தான். "அலமாக்" என்று மெதுவாகத் தலையில் கை வைத்தான். பிறகு, "நீ எழுதினதைத்தானே செதுக்கினேன்."

"நான் திருப்பி எழுதினேனே."

"நான் திருப்பி ஒட்டினேனே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திருப்பியதைத் திருப்பினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆளுக்கு ஒரு தடவை சரியாகச் செய்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து கெடுத்திருக்கிறார்கள்.

"நீ சொல்லியிருக்கணும்."

"நீ கேட்டிருக்கணும்."

கைகள் ஆடின, கண்கள் உருண்டன. ஒரு நல்ல ஊமைச் சண்டை நடந்து ஓய்ந்தது. வேறு அட்டை இல்லை. கடைத்தெருவுக்குப் போகலாம் என்றால் அம்மா அடுப்பை விட்டு நகர முடியாது.

"சரி விடு" என்றான் லோகேஸ் கடைசியில். "இப்படியே குடுத்துரலாம். அவங்களுக்கு யாருக்குத் தமிழ் தெரியும்? நேரா இருந்தாலும் ஒண்ணுதான், திரும்பி இருந்தாலும் ஒண்ணுதான்."

உண்மைதான். அஸ்மான் அங்கிள் பார்த்தால் சிரித்தபடி தலையாட்டுவார். ஆயினுக்கும் தெரியப் போவதில்லை. யாருக்குமே தெரியாது.

தர்மினி ஓர் அட்டையை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தமிழ் தெரிஞ்சவங்களா இருந்தா தப்புன்னு புரிஞ்சுக்கிட்டுச் சிரிச்சிருவாங்க" என்றாள். "தெரியாதவங்க இதுதான் சரின்னு நம்பிக்குவாங்களே. பாவம்ண்ணே. ஆயின் தன் பிறந்தநாள் அன்னைக்கு அவ அப்பாவை நமக்கு விட்டுக் குடுத்திருக்கா. அவளுக்குப் போய்த் தப்பா குடுக்கறதா?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தங்கச்சி அழுதால் லோகேஸுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. அதனால் மேசையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான். ரப்பரில் மிச்சமிருந்த மையைப் போக்க, பக்கத்தில் கிடந்த ஒரு டிரேசிங் தாளில் அதை நன்றாக அழுத்தி எடுத்தான்.

"அதைக் குப்பையில போடு" என்று தாளைத் தங்கையிடம் நீட்டினான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாங்கினாள். ஜன்னல் வழியாக வெயில் நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. தாளின் மைப்பக்கம் ஜன்னலைப் பார்த்திருந்தது. வெற்றுப்பக்கம் தர்மினியைப் பார்த்திருந்தது. அந்த வெற்றுப்பக்கத்தில், வெயில் ஊடுருவ, 'நன்றி' நேராக நின்றது.

தர்மினி தாளைத் திருப்பினாள். தப்பு. மறுபடி திருப்பினாள். சரி.

"அண்ணே" என்றாள். "கத்தியை எடு."

"எதுக்கு?"

"தப்பா விழுந்த இடத்தை வெட்டி எடுத்துரலாம். விளக்குக்கு மேலதானே இருக்கு? சுடர் மாதிரி வெட்டு. அந்த ஓட்டைக்குப் பின்னால டிரேசிங் தாளை ஒட்டலாம். சாப் அடிச்ச பக்கம் உள்ளே போகணும். வெளியிலேர்ந்து பாத்தா நேரா தெரியும்."

லோகேஸ் ஒரு நிமிடம் யோசித்தான். தாளைத் தானும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

எட்டு அட்டையிலும் அவன் சுடர் வெட்டினான். எழுத்து முழுவதும் அடங்க வேண்டும் என்பதால் சுடர் கொஞ்சம் குண்டாகத்தான் வந்தது. "தீபாவளிப் பலகாரம் சாப்பிட்ட சுடர்" என்றான் அவன். தர்மினி டிரேசிங் தாளில் சாப் அடித்து, காற்றாடிக்குக் கீழே காய வைத்து, மஞ்சள் வண்ணம் பூசினாள். ஒன்றில் லோகேஸின் கட்டை விரல் பதிந்துவிட்டது. அதை மறுபடி செய்தார்கள். ஒட்டுவதற்கு முன்பு ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் பார்த்தார்கள், ஒருவர் மட்டும் பார்ப்பதில் இனி அவர்களுக்கு நம்பிக்கை இல்லை.

ஆயினின் அட்டைக்குள்ளே தர்மினி மலாயில் எழுதினாள். 'உன் அப்பாவை எங்களுக்காக ஒரு நாள் விட்டுக் கொடுத்ததற்கு நன்றி. பிறந்தநாள் வாழ்த்துகள். கேக் ஓடிப் போகாமல் பார்த்துக்கொள்.'

அப்பா எழுந்து வந்தபோது அட்டைகள் மேசையில் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்துக் குழல் விளக்குக்கு நேராகப் பிடித்தார். விளக்கின் சுடர் மஞ்சளாக ஒளிர்ந்தது. அதற்குள் ஊதா நிறத்தில் 'நன்றி'.

"யார் யோசனை இது?"

"திட்டம் போட்டுச் செஞ்சது" என்றான் லோகேஸ் கூசாமல். தர்மினி அவன் காலை மிதித்தாள்.

அப்பா ஆயினின் அட்டையைத் திறந்து படித்தார். படித்து முடித்த பிறகும் மூடவில்லை. அம்மாதான், "பஸ் வந்துரும்" என்று முறுக்கு டின்னைக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

தீபாவளி நன்றாக நடந்தது. அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்தார், புதுச்சட்டை போட்டார், மத்தாப்பு கொளுத்தினார், மூன்று தடவை சாப்பிட்டார். கேக் வெட்டாத ஒரு வீட்டைப் பற்றித் தர்மினி இடையிடையே நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா வேலை முடிந்து வந்தபோது கையில் அதே டின் இருந்தது. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது அவர்கள் ஊர்ப் பழக்கம். டின் நிறையக் குட்டிக் குட்டியாக, பஞ்சு கேக் மாதிரி பாவ்லு பலகாரம். மேலே மடித்து வைத்த ஓர் ஓவியத் தாள்.

"ஆயின் குடுத்துவிட்டா. நேத்துதான் கேக் வெட்டினாங்களாம்" என்றார் அப்பா. "கேக்குல மெழுகுவத்தி ஒரு பக்கம், உங்க அட்டை ஒரு பக்கம் வச்சு போட்டோ எடுத்தாங்களாம்."

தர்மினி தாளைப் பிரித்தாள். பெரிய கேக் ஒன்று வரைந்திருந்தது. அதன் உச்சியில் மெழுகுவத்திக்குப் பதிலாக ஓர் அகல் விளக்கு. கீழே, ஊதா மார்க்கரில், கை நோகப் பார்த்துப் பார்த்து எழுதிய தமிழ் எழுத்துகள்.

லோகேஸ் எட்டிப் பார்த்தான். அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆயின் அட்டையைத் திறந்து வைத்து, உள்பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறாள். 'றி' முதலில். 'ந' கடைசியில், சுவரைப் பார்த்தபடி.

"மறுபடியும் மொதல்லேர்ந்தா" என்று சிரிப்பில் அவனுக்குத் திக்கியது.

தர்மினியும் சிரித்தாள். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். படம் தெருவைப் பார்க்கும்படி வைத்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டினாள். தெருவில் போகிறவர்கள் அழகான கேக்கைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் வெயில் வந்ததும், ஆயினின் நன்றி நேராக நின்றது.