கஜிவாரா சொல்லும் 'சரி'

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பழுது பார்க்கும் எனக்கு நாற்பது வருடம் சோறு போட்ட, இயந்திரக் கையை அசைக்கும் சர்வோ மோட்டார் மேல் சத்தியம்.

சுவா ஏரிக்கரையில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்று. அங்கே மூன்றாம் நம்பர் இயந்திரத்தின் கை, யாரும் கட்டளை கொடுக்காமலே இறங்குகிறதென்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. மதிய இடைவேளை, கரண்டு மிச்சம் என்று விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள். பட்டப்பகலில் கொட்டகை கிணற்றின் அடிபோல இருண்டு கிடந்தது. எண்ணெய் வாடை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

இயந்திரத்தை ஓட்டுகிறவள் பெயர் நோரியே. உள்ளே ஒரு தகடு சிக்கியிருந்தது. ஒரு மணிச் சங்குக்குள் அதை எடுத்தாக வேண்டுமென்று மேலாளர் ஒனோதெரா நச்சரித்தார். அவள் தயங்கினாள். அவளுக்கு முன் அதை ஓட்டிய கஜிவாரா போன பனிக்காலத்தில்தான் இறந்துபோனார். கோளாறும் அப்போது தொடங்கியதுதான்; அவர் ஆவியின் வேலை என்று பேச்சு.

"எனக்கு இருக்கறதே ரெண்டு கை, பெரியவரே," என்றாள் என்னிடம்.

"மூணாவது கையப் பாத்துக்கத்தான் அவரு வந்திருக்காரு," என்றார் ஒனோதெரா.

அங்கே ஒரு சட்டம். மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சை நோக்கி விரல் நீட்டி, வாய்விட்டு 'சரி' சொன்ன பிறகே உள்ளே கை விடலாம். அவள் நீட்டினாள், சொன்னாள். நாங்கள் இருவரும் அப்படியே. தினம் நூறு தடவை சொல்கிற வாய்கள். அதனால் ஒருவரும் சுவிட்சைப் பார்க்கவில்லை.

அது அணைக்கப்படவே இல்லை.

நோரியே முழங்கைவரை உள்ளே விட்டாள்.

மோட்டார் அதிர்ந்தது.

இயந்திரக் கை இறங்கியது.

எங்களுக்குப் பின்னாலிருந்து, இருமல் கலந்த கிழட்டுக் குரல் ஒன்று மெதுவாகச் சொன்னது:

"சரியில்லம்மா."

அவள் மணிக்கட்டுக்கு ஓர் அரிசி உயரத்தில் அது நின்றது. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

கன்ட்ரோலரைத் திறந்தால், எலி கடித்த ஒயர். நாங்கள் வீணாகக் கஜிவாராவைச் சந்தேகப்பட்டிருக்கிறோம். ஆனால் அதிலிருந்த பதிவைப் பார்த்தால், மோட்டார் கடைசிவரை முழு பலத்தோடு கீழேதான் தள்ளியிருக்கிறது. ஏதோ ஒன்று கீழிருந்து தாங்கியிருக்கிறது. இயந்திரக் கையின் அடிப்பக்கத்து எண்ணெயில் ஐந்து விரல் தடம், நோரியேயின் விரலைவிடத் தடிமனாக. ஒனோதெரா தொப்பியைக் கழற்றினார்.

ஒயரை மாற்றியாகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் நோரியே விரல் நீட்டி 'சரி' சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். இருட்டுக்குள்ளிருந்து இன்னொரு 'சரி' வந்த பிறகே கையை விடுவாள். போன வாரம் பக்கத்தில் நின்று நானே தெளிவாகக் கேட்டேன்.

மற்றவர் பேச்சை நான் உதடு பார்த்துத்தான் படிப்பேன்; பிரஸ் சத்தத்தில் என் இரண்டு காதும் முழுச் செவிடாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது.