மதிப்பெண் இல்லாத கடல்

மின்தூக்கியின் கதவு திறப்பதற்கு முன்பே அங்கயற்கண்ணிக்குத் தெரிந்துவிட்டது, தான் எவ்வளவு வியக்கப்போகிறாள் என்று. காதின் பின்னால், தோலுக்கடியில் இருந்த ஒப்புமணி சொல்லிவிட்டது: "கிண்டிக் கோபுரத்தைவிடக் குறைவு. மெரினாக் கோபுரத்தைவிடச் சற்றே அதிகம். ஐந்து நிமிடம் போதும்."

கோதுமை மணி அளவே உள்ள அந்தக் கருவி இல்லாதவர் சென்னையில் யாரும் இல்லை. வானுயர் கோபுரங்களின் பார்வை மாடங்களுக்குப் போய்வந்த அத்தனை பேரின் இதயத் துடிப்பையும் சேர்த்து அலசி, போகிறவருக்கு அது முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடும். அந்த நகரத்தில் ஏமாந்து திரும்பியவர் என்று ஒருவரும் கிடையாது.

அன்று அவர்களுடைய திருமண ஆண்டு நிறைவு நாள். எண்ணூர்க் கோபுரத்தின் உச்சி. மாடத்தில் கால் வைத்த கணவன் வளவன் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கிண்டியே பரவால்ல. வா, கீழ போலாம்."

"இன்னும் பாக்கவே இல்லையேங்க!"

"பாத்து என்ன ஆகப்போகுது? அதான் சொல்லிடுச்சே."

அவளுக்குச் சுருக்கென்றது. இதுவரை எதையாவது தான் முதலில் பார்த்ததுண்டா என்று யோசித்தாள். வளவனையே அதுதான் முதலில் பார்த்துச் சொன்னது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போய், அதை எடுத்துவிடச் சொன்னாள். மருத்துவர் பதறிப்போனார்.

"எடுத்துட்டா எது நல்லது, எது சுமார்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாமயே இருந்துட்டுப் போறேன். எடுங்க."

காதோரம் பிளாஸ்திரியோடு நேராக எண்ணூருக்குப் போனாள். வாசலில் நின்ற காவல் ரோபோ கையை நீட்டி மறித்தது.

"ஒப்புமணி இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் வியப்பை எங்களால் அளக்க முடியாது."

"அளக்க வேணாம். என் வியப்பு என்கிட்டயே இருக்கட்டும்."

"விதி அப்படி."

"பாக்குறதுக்குக் கண்ணு போதாதுன்னு எந்த விதியில இருக்கு? காட்டு."

ரோபோ தேடியது. வாசலை அடைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் அவள். பின்னால் வரிசை நீண்டது, முணுமுணுப்பு வலுத்தது. அப்படி ஒரு விதி அகப்படவில்லை. கடைசியில் ரோபோ ஒதுங்கி வழிவிட்டது.

மேலே கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து மழை வந்துகொண்டிருந்தது. பாதிக் கடல் கறுத்திருந்தது, மீதி வெள்ளியாய் மின்னியது. இது நல்ல காட்சியா, சுமாரா? சொல்ல ஆளில்லை. கண் நிறைந்தது.

அடுத்த வாரமும் போனாள். அன்று பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால் வளவன். அவன் காதோரமும் பிளாஸ்திரி.

"நீ மட்டும் தனியா பாக்குறியேன்னு இருந்துச்சு. நானும் எடுத்துட்டேன்."

"வாசல்ல விட்டாங்களா?"

"அந்த ரோபோ ஒண்ணுமே கேக்கலையே."

"கேக்காது. நான் கேட்டு வச்சிருக்கேன்."

அவன் சிரித்தபடி அவள் கையைப் பற்றிக்கொண்டான். இருவரும் கடலைப் பார்த்தார்கள். எந்தக் குரலும் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அந்த நகரத்திலேயே விடுதலை பெற்ற மனிதர்கள் தாங்கள் இருவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

சற்றுத் தள்ளி, மாடத்தின் மூலையில் இன்னொரு தம்பதி எதையோ சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கயற்கண்ணி கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தாள். பிறகு கணவனின் சட்டையை இழுத்தாள்.

"ஏங்க, அவங்க நிக்குற இடத்துலேர்ந்து இதைவிட நல்லாத் தெரியுது போலயே?"

வளவன் அதற்குள் அந்த மூலையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான்.