கிழக்கு வெளிக்கு மழை

ரங்கநாயகி அம்மாள் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பதைப் பார்த்ததும் தமயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. செம்பாறை நகரில் களைநேரம் அறிவிக்காமல் யாரும் களைக்கொல்லி மருந்தைத் தொடக் கூடாது. அந்த நேரத்தை வீடு வீடாகப் பார்த்துக் குறித்துக் கொடுப்பதுதான் தமயந்தியின் வேலை.

"அதைக் கொஞ்சம் இறக்கி வையுங்கம்மா. இன்னிக்கு அடிச்சா அத்தனையும் வீணுங்க."

"எதுக்குங் கண்ணு வீணு? கோரையெல்லாம் வாடிச் சுருண்டு கெடக்குது, பாரு. சாகப்போறதை இன்னொரு தட்டுத் தட்டுனா செத்துட்டுப் போகுது."

இந்தத் தப்பைச் செய்யாத வீடு அந்த ஊரில் இல்லை. மனிதர்களுக்கு எப்போதும் துவண்டு கிடப்பவனை அடிப்பதுதான் சுலபமாகத் தெரிகிறது. தமயந்தி குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கிக் காட்டினாள். இலை கையோடு வந்தது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"வாடுன களை வாயை மூடிக்கும்மா. மருந்தைக் குடிக்காது. மேல இருக்கற எல கருகும், கீழ கிழங்கு கல்லாட்டம் கெடக்கும். நீங்க முதல்ல ஒரு தூண்டல் மழைக்கு எழுதிக் குடுங்க. நல்லாத் தளதளன்னு வரட்டும். பச்சை எல வழியாத்தான் மருந்து கிழங்குக்கு இறங்கும்."

"பலிகெடாவுக்குத் தழை போடற மாதிரியல்ல சொல்றே!" என்று ரங்கநாயகி அம்மாள் சிரித்தாள். தமயந்தியும் சிரித்தாள். களைக்கு இரக்கப்பட்டால் இந்தத் தொழிலில் சோறு கிடைக்காது.

மற்ற ஊர்களில் மழைக்காக வேண்டிக்கொள்வார்கள். செம்பாறையில் விண்ணப்பித்தால் போதும். கணவாய் வழியாக வரும் மேகங்களை எல்லாம் வளிக்கோபுரங்கள் தங்கள் ராட்சத விசிறிகளால் வழிமறித்து, யார் தெருவுக்கு எப்போது எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தன. கல்யாண வீட்டுக்கு நிழல், தோட்டத்துக்குத் தூறல், வடகம் காயப் போடுகிறவர்களுக்கு வெயில். குடியெண் உள்ள எவரும் தன் வீட்டு வானத்தைக் கேட்டு வாங்கலாம்.

குடியெண் இல்லாதவர்களுக்கு வானமும் இல்லை. நகரத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே கிழக்கில் விரிந்து கிடந்த பொட்டல் காட்டுக்குக் கிழக்கு வெளி என்று பெயர். நகரம் பிழிந்து எடுத்த மேகத்தின் சக்கைதான் அந்தப் பக்கம் போனது. தமயந்தி சின்னப் பெண்ணாக இருந்த காலம் முதல் அங்கே மழை பெய்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அங்கே மனிதர்கள் இருந்தார்கள். கைவிட்ட கல்குழிகளிலும், பழைய நூற்பாலைகளின் நிலவறைகளிலும், காவல் வண்டிச் சத்தம் கேட்டால் எலிபோல மறைந்துகொண்டு இருந்தார்கள். தமயந்தியின் தம்பி சென்னியப்பனும் அவர்களில் ஒருவன். செடி கொடி தெரிந்தவள் என்று அவளுக்குக் குடியெண் கிடைத்தது. லாரி ஓட்டத் தெரிந்த அவனை, லாரியே தன்னை ஓட்டிக்கொள்ளும் காலத்தில் யார் சீந்துவார்கள்?

ஒன்றரை மாதத்துக்கு முன் வளித்துறை அதிகாரி திருமூர்த்தி அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். மெத்தப் படித்தவர், கூழைக் கும்பிடு போடாமலே மரியாதை காட்டத் தெரிந்தவர். பெரிய திறந்தவெளி ஒன்றில் கோரை மண்டிவிட்டது, எத்தனை முறை அடித்தாலும் மறுபடி முளைக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். இப்படி ஒரு மனிதர் தன்னிடம் யோசனை கேட்கிறாரே என்று தமயந்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முழு முறையையும் விலாவாரியாகச் சொன்னாள். முதலில் நல்ல மழை கொடுங்கள். ஒரு மழை போதாது, இன்னொன்றும் கொடுங்கள், அப்போதுதான் ஆழத்தில் ஒளிந்திருப்பதும் நம்பி வெளியே வரும். வேர் பிடித்துச் செழிக்கட்டும். பூ எடுப்பதற்கு முன்னால் அடித்துவிடுங்கள், விட்டால் பெருகிவிடும்.

"காத்தே இல்லாத சாயங்காலமாப் பாத்து அடிச்சாத் தேவலைங்களா அம்மணி?" என்று கேட்டார் திருமூர்த்தி.

"அதுதானுங்க எல்லாரும் பண்ற தப்பு. சாயங்காலம் தரை குளுந்துரும், மேல சூட்டுக் காத்து மூடி போட்டாப்பல நிக்கும். மருந்து கீழ எறங்காம மெதந்துக்கிட்டே கெடந்து யார் வீட்டுக்குள்ள வேணாப் போயிரும். காலையில பனி காஞ்ச பின்னால, வெயில் ஏறுறதுக்குள்ள அடிக்கோணும். லேசாக் காத்து இருக்கோணும், ஒரே பக்கமா. நீங்க காப்பாத்த வேண்டியது எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கமா. அடிச்ச பின்னால பொழுது சாயற வரைக்கும் பொட்டு மழை ஆகாதுங்க, கழுவிட்டுப் போயிரும்."

திருமூர்த்தி ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். கணிப்பான்கள் காற்றைச் சொல்லும், களையின் மனசை நீங்கள்தான் சொல்ல முடியும் என்றார். அந்தப் பாராட்டை அவள் வாரக்கணக்கில் மனதுக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் கிழக்கு வெளியில் மழை பெய்தது.

நகரமன்றம் அதற்குக் கருணை மழை என்று பெயர் வைத்தது. தெருத்திரைகளில் எல்லாம் அதே பேச்சு. சுவருக்கு வெளியே இருப்பவர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் படிப்படியாகக் குடியெண் கொடுப்போம், நகர வாசல் எதிரில் வந்து தங்கலாம் என்று அறிவித்தார்கள். நகரவாசிகள் தங்கள் தாராள மனசை நினைத்துத் தாங்களே நெகிழ்ந்துபோனார்கள். தமயந்தி அன்றைக்கு அழுதே விட்டாள். தம்பியையும் குழியை விட்டு வெளியே வரச் சொன்னாள்.

ரங்கநாயகி அம்மாள் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் காதிலிருந்த செவிப்பொத்தான் அதிர்ந்தது. தம்பிதான்.

"அக்கா, ரெண்டாவது மழையும் பேஞ்சுதுக்கா! சோளம் முழங்கால் ஒசரம் வந்துருச்சு. தேனு மழையவே பார்க்காத புள்ளையல்ல, சேத்துல உருண்டு உருண்டு எந்திரிக்கவே மாட்டேங்கறா."

தேனு அவன் மகள். பிறந்ததிலிருந்து கல்குழிக்குள் வளர்ந்தவள்.

"குழியில இன்னும் யாராச்சும் இருக்காங்களா?"

"தெக்கத்திக் குழிக்காரங்க வரமாட்டேன்னுட்டு இருந்தாங்க. ஏதோ வெனை இருக்குதுன்னு பயம். நாந்தான் போய், எங்கக்கா உள்ளார இருக்கறா, அவளே வரச் சொல்லிட்டான்னு கூட்டியாந்தேன். ஒரு ஈ காக்கா உள்ள இல்லீக்கா இப்ப."

"நல்ல காரியம் பண்ணுன" என்றாள் தமயந்தி. தேனுவுக்கு ஒரு சட்டை வாங்கிவைக்க வேண்டும், குடியெண் கிடைத்து அவர்கள் உள்ளே வரும் அன்றைக்குத் தன் கையாலேயே போட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் திருமூர்த்தி ஆள் அனுப்பினார். கிழக்கு வளிக்கோபுரத்தின் உச்சி அறைக்கு அவள் போவது அதுவே முதல் முறை. சன்னல் வழியாகக் கிழக்கு வெளி முழுவதும் தெரிந்தது. பொட்டலாக இருந்த இடம் பச்சை பிடித்திருந்தது. அதற்கு நடுவே கூடாரங்கள், சமையல் புகை, ஓடும் குழந்தைகள். இவ்வளவு பேர் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று தமயந்திக்கு மலைப்பாக இருந்தது. கண்ணை இடுக்கித் தம்பியின் கூடாரம் எது என்று தேடினாள்.

"வாங்க அம்மணி" என்றார் திருமூர்த்தி. "நீங்க சொன்னது அப்படியே பலிச்சுருச்சு. ஒரு சந்தேகந்தான் பாக்கி. பனி காய இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"ஈரத் தரையிங்க, கொஞ்சம் தாமதமாகும். எந்தத் தோட்டத்துக்குங்க?"

அவர் சன்னலைக் காட்டினார்.

தமயந்தி மறுபடி எட்டிப் பார்த்தாள். "அங்க கோரை ஏதுங்க? சனம் குடியிருக்குது, சோளம் போட்டிருக்காங்க."

"தெரியுமுங்க."

அறையில் பெரிய வானத்திரை ஒன்று இருந்தது. கிழக்கு வெளியின் வானநிரல் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல மழை. இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு இளவெயில். இன்று காலை, நகரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய காற்று. பொழுது சாயும் வரை மழை இல்லை. யாரோ எழுதிய கடிதத்தில் தன் கையெழுத்தைப் பார்த்ததுபோல் அவளுக்கு இருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

திருமூர்த்தி நிதானமாக விளக்கினார். பத்து வருஷமாகப் பிடித்துப் பார்த்தாயிற்று. வண்டி போனால் குழிக்குள் ஒளிகிறார்கள், வண்டி திரும்பினால் வெளியே வருகிறார்கள். பாதிப் பேரைப் பிடித்தால் மீதிப் பேர் இன்னும் ஆழத்துக்குப் போய்விடுகிறார்கள். உங்களோடு பேசிய பிறகுதான் எங்கே தவறு செய்கிறோம் என்று புரிந்தது.

"வாடியிருக்கறப்ப அடிச்சுட்டு இருந்திருக்கறோம்" என்றார்.

"என்ன அடிக்கப் போறீங்க?"

"தூக்கப்புகைதானுங்க. பயப்படாதீங்க. தூங்கிருவாங்க, வண்டியில ஏத்திக் கடலோர உப்பளத்துக்குக் கொண்டுபோயிருவோம். கண்ணு முழிக்கறப்ப வேலையும் இருக்கும், சோறும் இருக்கும்."

"எல்லாரும் முழிப்பாங்களா?"

திருமூர்த்தி திரையைப் பார்த்தார். "பெரியவங்களுக்கு அளவு பார்த்துத்தான் வெச்சிருக்குது."

"கொழந்தைங்க?"

அவர் வானநிரலில் காற்றின் வேகத்தைச் சரிபார்த்தார். தமயந்தி கத்தினாள். மழையைத் திருப்புங்கள், ஒரு தூறல் போதும், எல்லாம் கழுவிப் போய்விடும் என்றாள். நான் குடியெண் உள்ளவள், எனக்கு உரிமை இருக்கிறது, இப்போதே மழைக்கு எழுதித் தருகிறேன் என்றாள்.

"உங்க வீட்டுக்கு எழுதலாமுங்க" என்றார் திருமூர்த்தி, உண்மையிலேயே வருத்தப்படுகிறவர்போல. "அங்க உங்களுக்கு வீடு இல்லீங்களே."

அவள் படிக்கட்டுக்கு ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு இல்லை. இறங்கிக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டாள்.

"சென்னி, எல்லாரையும் கூட்டிட்டுக் குழிக்கு ஓடு. இப்பவே ஓடு. தூக்கப்புகை விடப் போறாங்க, அதுல தூங்குனா எந்திரிக்க மாட்டீங்க."

"என்னக்கா, காலங்காத்தால விளையாடறே?"

"விளையாட்டில்லடா! தேனுவைத் தூக்கிட்டு ஓடு."

"அக்கா, நீதான வரச் சொன்னே? மழை குடுத்தவங்க எதுக்குக் கொல்லப் போறாங்க?"

"அதுக்குத்தான்டா மழையே குடுத்தாங்க."

"உனக்கு யாரு சொன்னா?"

தமயந்தி படியிலேயே நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. பொய் சொல்லலாம். யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது என்று சொல்லலாம். அவன் நம்ப மாட்டான். அவளுடைய தம்பியை அவளுக்குத் தெரியாதா?

"நான்தான்டா சொன்னேன். கோரைக்குக் கேக்கறாங்கன்னு நெனச்சுச் சொல்லிக் குடுத்தேன். ஒளிஞ்சிருக்கறதெல்லாம் வெளிய வரட்டும், மழை குடுங்கன்னு சொன்னது நான். ரெண்டாவது மழையும் நான் சொன்னது. இன்னிக்குக் காத்தும் நான் சொன்னது."

அந்தப் பக்கம் சோளத் தட்டைகள் உரசும் சத்தமும் எங்கோ ஒரு பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்டன.

"மொத மழையில நாங்க எல்லாரும் சேத்துல விழுந்து கும்பிட்டோம்க்கா" என்றான் சென்னியப்பன். குரல் மாறியிருந்தது. "அது உன்னயவா?"

அவன் நம்பிவிட்டான். அடுத்த நொடி அவன் கத்த ஆரம்பித்தான். எல்லாரையும் எழுந்திருக்கச் சொன்னான், சட்டி பானையை விட்டுவிடச் சொன்னான், குழிக்கு ஓடுங்கள் ஓடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினான். தெற்குக் குழிக்காரர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஏனப்பா, நேத்து வா வான்னு கையைப் புடிச்சு இழுத்தே, இன்னிக்குப் போ போங்கறே?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

"வாசலுக்குப் பக்கத்துல எடம் வேணுமாட்ட இருக்குது அவனுக்கு" என்றாள் ஒருத்தி. சுற்றிலும் சிரித்தார்கள். நல்ல மழை பெய்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, குடியெண்ணுக்குக் காத்திருக்கும் மனிதர்களின் சிரிப்பு.

"தேனு! தேனு, எங்கிருக்கறே?"

"சோளக்காட்டுக்குள்ளப்பா!" என்று தூரத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "ஒளிஞ்சுக்கிட்டேன். முடிஞ்சாக் கண்டுபுடி!"

"வெளிய வா சாமி, வெளிய வந்துரு" என்று அவன் கெஞ்சினான்.

தமயந்தியின் தலைக்கு மேலே கோபுரத்தின் விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின.