நான்காவது கொக்கி

எட்டு மாதம் பூட்டிக் கிடந்த எங்கள் ஆய்வுக்கூடத்தைத் திங்கட்கிழமை காலை திறந்தோம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே ஒரு பழைய நெல் கிடங்கு அது. உள்ளே ஆள் உயரத்துக்கு ஜைரோட்ரான் நிற்கிறது. அணு இணைவு உலைக்குள் பிளாஸ்மாவைச் சூடாக்கும் நுண்ணலைக் கருவி. "வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குப் பெரியப்பா" என்பார் மச்சான் மணவாளன்.

அவர் என் அக்கா இளமதியின் கணவர். இந்தக் கருவியில்தான் மின்சாரம் பாய்ந்து செத்தார்.

கருவியின் கம்பிக் கூண்டுக்குள் போகிறவர் வாசல் பலகையிலிருந்து தன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு கொக்கியிலும் சாவி தொங்கினால்தான் பச்சை விளக்கு எரியும், மின்சாரம் ஏறும். நான்காவது கொக்கி அவருடையது. மனிதர் மறதிக்காரர். பல நாள் சாவியோடேயே மேல்பட்டாம்பாக்கம் வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் செத்த அன்று நான்காவது கொக்கி காலியாக இருந்தது. அன்றும் அப்படித்தான் என்று நினைத்தேன். மேசையிலிருந்த மாற்றுச் சாவியை மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

அவர் உள்ளே தண்ணீர்க் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அவரைத் தூக்கும்போது சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து ஒளித்தேன். முதுநகர்ப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தேன். நான்காவது கொக்கியில் சாவி தொங்கியதால், அதை எடுக்காமல் உள்ளே போனது அவர் தப்பு என்று விசாரணையில் எழுதினார்கள். நான் வாய் திறக்கவில்லை. பாவி.

திங்கட்கிழமை ஆறு சாவியையும் நானே மாட்டினேன். விளக்கு சிவப்பாகவே இருந்தது.

நான்காவது கொக்கியில் மாட்டிய அந்த மாற்றுச் சாவி தரையில் கிடந்தது.

எடுத்து மாட்டினேன். திரும்பினேன்.

மறுபடியும் தரையில்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா பாருங்க ராஜவேல்" என்றார் பொறியாளர் கலைமணி.

கூண்டு காலி. ஆற்றுச் சேற்று வாடை மட்டும் அடித்தது. காதுக்குப் பக்கத்தில் மணவாளன் குரல், மெதுவாக.

"மச்சான், நான் உள்ளதான் இருக்கேன். போட்டுடாத."

வண்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். கொல்லையில், அவர் சாகும்போது போட்டிருந்த, ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த நீலச் சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா தொவச்சி காய வெக்கிறேன்டா. சட்ட காயுது, பை மட்டும் காயல. மோந்து பாரு, ஆத்து வாட."

நான் கிட்டப் போகவில்லை.

"ஸ்கூல்ல அனுப்பிரியாகிட்ட, ஒங்கப்பா அஜாக்கிரதையா செத்தாருன்னு சொல்றாங்க. புள்ள அத நம்புது, தம்பி. அதான் எனக்குத் தாங்கல."

அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அக்கா அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருக்கலாம். சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இத அங்க போயி சொல்லு. எழுதிக் குடு. அதுவரைக்கும் என் மூஞ்சில முழிக்காத."

மறுநாள் எல்லார் முன்னாலும் சொன்னேன், எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கலைமணி பலகையைக் காட்டினார். நான்காவது சாவி கொக்கியிலேயே நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. சுவிட்சைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

சாயங்காலம் அனுப்பிரியா போன் செய்தாள்.

"மாமா, அப்பா சட்டப் பை காஞ்சிடுச்சு. அம்மா ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

போனை வைத்தேன். நெஞ்சில் என்னவோ சில்லென்று பட்டது. கையை வைத்துப் பார்த்தேன்.

என் சட்டைப் பை நனைந்திருந்தது.